எப்போது உடைந்தது என்பதே கேள்வி

ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி ஐந்து நாள் நன்றாக ஓடுகிறது. ஆறாம் நாள் காலை அவசரத்தில் சட்னி ஜார் கைதவறி விழுந்து கைப்பிடி பெயர்ந்துவிடுகிறது. திருப்பி அனுப்ப இன்னும் அவகாசம் இருக்கிறது. செயலியைத் திறந்தால் காரணங்களின் பட்டியல் ஒன்று வருகிறது. ‘சேதமடைந்த நிலையில் வந்தது’, ‘வேலை செய்யவில்லை’, ‘படத்தில் பார்த்ததுபோல் இல்லை’, ‘வேறு பொருள் வந்துள்ளது’ என்று வரிசையாக இருக்கின்றன. ‘வீட்டில் விழுந்து உடைந்தது’ என்ற வரி மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார்: “டேமேஜ்னு போட்டு ரிட்டர்ன் குடுத்துடு, யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க.”

அவர் சொல்வது சரிதான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டொரு நாளில் ஒருவர் வந்து பெட்டியை எடுத்துச் செல்வார். பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அடுத்தவர் பொருளைத் தொடக் கூசுகிற குடும்பங்களில்கூட இது சாமர்த்தியமாகவே பேசப்படுகிறது.

அதே வீட்டில் அடுத்து வாங்கிய மிக்ஸியின் மோட்டார் எட்டு மாதம் கழித்து நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு வாரண்டி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு யாரும் போவதில்லை. ‘பில் எங்கே வைத்தோமோ, சர்வீஸ் சென்டருக்கு யார் அலைவது’ என்று புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். உரிமை இல்லாத இடத்தில் எடுத்துக்கொள்வதும், உரிமை உள்ள இடத்தில் விட்டுவிடுவதும் ஒரே வீட்டில் நடக்கின்றன. எந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற தெளிவு நமக்கு இல்லாததே இரண்டுக்கும் காரணம். அந்தத் தெளிவு ஏற்படாமல் இருப்பதில் லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று வகைச் சேதம்

ஒரு பொருள் மூன்று விதமாகக் கெடலாம். முதலாவது, நம் கைக்கு வரும்போதே கெட்டிருப்பது. தொழிற்சாலையிலேயே குறையோடு புறப்பட்டிருக்கலாம். கிடங்கிலோ லாரியிலோ அடிபட்டிருக்கலாம். முழு விலை கொடுத்தவருக்கு முழுமையான பொருள் வரவில்லை என்றால், விற்றவர் தன் கடமையை இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். முன்பு பார்க்காத சரக்கு கைக்கு வந்தால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் காலம் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரசீதின் அடியில் அச்சிட்டுவிடுவதால் மட்டும், கெட்ட பொருளைத் தலையில் கட்டும் உரிமை எந்தக் கடைக்கும் வந்துவிடாது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இதே கடமையை ஆன்லைன் விற்பனையாளர்கள் மீதும் சுமத்தியுள்ளன. குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் அவர்கள் திரும்பப் பெற்றே ஆகவேண்டும்.

இரண்டாவது வகை, நல்ல நிலையில் வந்து, முறையாகப் புழங்கும்போது, உழைக்கவேண்டிய காலத்துக்கு முன்பே கெட்டுப்போவது. மோட்டார் புகைவது, ஃபிரிட்ஜ் குளிர்விக்காமல் போவது, டிவி திரையில் கோடு விழுவது எல்லாம் இதில் சேரும். வாரண்டி இருப்பது இதற்காகத்தான். இத்தனை மாதம் உழைக்கும் என்று வாக்குக் கொடுத்த நிறுவனம், தன் வாக்குப் பொய்த்தால் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது வகை, நம்மால் கெடுவது. கீழே போட்டது, தண்ணீர் ஊற்றியது, குழந்தை திருகியது, மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டியது. இதில் விற்றவர் மீதும் தவறில்லை, தயாரித்தவர் மீதும் தவறில்லை. செலவு நம்முடையது.

எனவே, ஒரு பொருளைத் திருப்பி அனுப்பலாமா, வாரண்டியில் கொடுக்கலாமா, கைக்காசு போட்டுப் பழுது பார்க்கலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டியது செயலியின் பட்டியல் அல்ல. அது எப்போது, எப்படி உடைந்தது என்ற உண்மைதான். திருப்பி அனுப்புவது எளிது என்பதற்காக மூன்றாவது வகையை முதல் வகையாக மாற்றிச் சொல்வது, நாம் உடைத்ததற்கான விலையை வேறொருவர் பையிலிருந்து எடுப்பதாகும்.

விலைக்குள் இருக்கும் வாரண்டி

வாரண்டியைக் கேட்டுப் போகிறவர்கள் பலர் ஏதோ சலுகை கேட்பதுபோலத் தயங்கி நிற்கிறார்கள். சர்வீஸ் சென்டர் ஊழியர்களும் ‘இந்த ஒருமுறை ஃப்ரீயா செஞ்சு தர்றோம்’ என்று உபகாரம் செய்வதுபோலப் பேசுகிறார்கள். கணக்கியலும் வரிச் சட்டமும் இதை உபகாரமாகப் பார்ப்பதில்லை.

ஒரு நிறுவனம் ஆயிரம் மிக்ஸி விற்கும்போது, அவற்றில் சில வாரண்டிக் காலத்துக்குள் பழுதாகித் திரும்பும் என்பது அதற்கு அனுபவத்தில் தெரியும். அந்தப் பழுதுகளுக்கு ஆகும் செலவை மதிப்பிட்டு, விற்ற ஆண்டிலேயே கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரம் 29 சொல்லும் நெறி. இந்த ஒதுக்கீட்டை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாமா என்ற வழக்கு சென்னையைச் சேர்ந்த ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் தொடர்பாக எழுந்தது. வால்வுகளை இயக்கும் ஆக்சுவேட்டர் என்ற கருவியைத் தயாரிக்கும் நிறுவனம் அது. இன்னும் பழுதே ஆகாத பொருளுக்கு எப்படிச் செலவு காட்டலாம் என்பது வரித் துறையின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முன் அனுபவத்தைக் கொண்டு நம்பகமாக மதிப்பிட முடிந்தால், அந்த ஒதுக்கீடு முறையான செலவே என்றது. வாரண்டி என்பது விற்பனை விலையின் பிரிக்க முடியாத பகுதி என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இதன் பொருள் நம் ஒவ்வொருவருக்கும் முக்கியமானது. நாம் கொடுத்த விலைக்குள்ளேயே வாரண்டிக்கான பணமும் இருக்கிறது. அந்தச் செலவை நிறுவனம் முன்கூட்டியே தன் கணக்கில் ஒதுக்கிவைத்திருக்கிறது. மோட்டார் பழுதாகி நாம் கேட்டுப் போகும்போது, ஏற்கெனவே செலுத்தியதைத்தான் கேட்கிறோம். கேட்காமல் விட்டால், நம் பணம் யாருக்கோ லாபமாக மிஞ்சுகிறது. வாரண்டியைப் பயன்படுத்துவதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

நாம் உடைத்துவிட்டு ‘டேமேஜ்’ என்று திருப்பி அனுப்பும் பொருளுக்கு இப்படி யாரும் நம் பெயரில் பணம் எடுத்துவைக்கவில்லை. அந்த நட்டம் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

திரும்பிப் போன பெட்டி

‘பெரிய கம்பெனி, அவனுக்கு இதெல்லாம் ஒரு காசா?’ என்பதுதான் நம் வழக்கமான சமாதானம். ஆனால், நாம் பயன்படுத்தும் பெரிய தளங்கள் பெரும்பாலும் சந்தை மட்டுமே, கடை வேறொருவருடையது. கோவையில் கிரைண்டர் பூட்டும் சிறு பட்டறை, திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து விற்கும் நான்கைந்து பேர் கொண்ட யூனிட், சென்னிமலையிலிருந்து போர்வை அனுப்பும் நெசவுக் குடும்பம் எல்லோரும் அந்தச் சந்தையில் கடை போட்டிருப்பவர்கள்தான்.

ஒரு பெட்டி திரும்பும்போது, விற்ற பணம் அவர்களிடமிருந்து திரும்பப் போகிறது. அனுப்பிய செலவு போனது போனதுதான். பல தளங்களில் திரும்பி வரும் கட்டணத்தையும் விற்பவரே சுமக்கிறார். பெட்டியைத் திறந்தால் உள்ளே புழங்கிய பொருள் இருக்கிறது. மசாலா வாசம் ஏறிய ஜாரைப் புதிதென்று மறுபடி விற்க முடியாது, விற்கவும் கூடாது. தளத்திடம் முறையிடலாம். பேக்கிங் செய்தபோது எடுத்த வீடியோ, திரும்பி வந்த பெட்டியைத் திறந்தபோது எடுத்த வீடியோ, படங்கள் எல்லாம் கேட்பார்கள். நாள் முழுக்கத் தைத்து, மடித்து, லேபிள் ஒட்டி அனுப்பும் யூனிட்டில் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் இதைச் செய்ய ஆளுக்கு எங்கே போவது? பலர் நட்டத்தை ஏற்றுக்கொண்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அந்த நட்டத்தை விலையில் ஏற்றுகிறார்கள். ஏற்ற முடியாதவர்கள் துணியின் தரத்தைக் குறைக்கிறார்கள்.

கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்திவிட்டு, விலைச் சீட்டு கிழியாமல் பார்த்துக்கொண்டு, மறுநாள் ‘நிறம் பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பும் புடவையும் இந்தக் கணக்கில் சேரும். அதை அடுத்து வாங்குபவர் புதுப்புடவை என்று நம்பித்தான் வாங்குவார்.

வாசலில் வந்து பெட்டியை எடுத்துச் செல்லும் டெலிவரி ஊழியரையும் மறந்துவிடக் கூடாது. கொடுக்கப்பட்ட பொருள் சரிதானா, உள்ளே மாற்றி வைத்திருக்கிறார்களா என்று நின்ற நிலையில் பார்த்துச் சொல்லவேண்டிய வேலையும் அவருடையது. பின்னால் கிடங்கில் பொருள் மாறியிருப்பது தெரிந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். ‘யாரும் கேட்க மாட்டாங்க’ என்று நாம் சொல்லும்போது, நம்மைக் கேட்கமாட்டார்கள் என்பது மட்டுமே உண்மை.

தாராளம் சுருங்கிய கதை

நம்பிக்கையை வைத்து வணிகம் செய்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியான் லியான்வுட் பீன் 1912-இல் வேட்டைக்காரர்களுக்கான காலணிகளைத் தயாரித்து விற்றார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடிகள் தையல் விட்டுத் திரும்பி வந்தன. அவர் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். காலணியைத் திருத்தி மறுபடி விற்றார். குறை உள்ள பொருளைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதற்கு அது இலக்கணம். அந்த நேர்மையின் மீதுதான் எல்.எல். பீன் என்ற நிறுவனம் வளர்ந்தது. காலவரம்பே இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது அதன் அடையாளமாகவே ஆயிற்று.

2018 பிப்ரவரியில் அந்த உறுதிமொழி முடிவுக்கு வந்தது. பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பொருள்களையும், பழைய சாமான் விற்பனையில் யாரிடமோ வாங்கிய பொருள்களையும் கொண்டுவந்து கொடுத்துப் பணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. இனி ஓராண்டுக்குள், வாங்கியதற்கான சான்றோடு வந்தால் மட்டுமே ஏற்போம் என்றது. நூறாண்டுக்கு மேல் நின்ற ஒரு வாக்கு, அதன் எல்லையைச் சோதித்துப் பார்த்த சிலரால் எல்லோருக்கும் சுருங்கியது.

நம் ஊரிலும் அதே திசையில்தான் காற்று வீசுகிறது. ஒருகாலத்தில் கேள்வியின்றிப் பணத்தைத் திருப்பித் தந்த தளங்கள், கைபேசி, டிவி போன்றவற்றுக்கு ‘மாற்றித் தரப்படும், பணம் தரப்படாது’ என்று விதியை இறுக்கின. மாற்றித் தரவும் டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும் என்கின்றன. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளாதவர் சொல்வதை நம்ப மறுக்கின்றன. இதனால் அதிகம் துன்பப்படுவது உண்மையிலேயே உடைந்த பொருள் வந்து சேர்ந்தவர்தான். நாம் சொல்லும் பொய்யின் தண்டனையை, நம்மைப் போலவே மாதத் தவணையில் பொருள் வாங்கும் இன்னொருவர் அனுபவிக்கிறார்.

பொய் சொல்ல வைக்கும் அமைப்பு

வாங்குபவருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நிறுத்துவது நியாயமாகாது. வாரண்டி ஒழுங்காக நடந்தால் ரிட்டர்ன் பொய் பெருமளவு குறையும். அது ஒழுங்காக நடப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரிலோ பெருநகரத்திலோ இருக்கிறது. பரமக்குடியில் வசிப்பவர் மதுரைக்கும், கூடலூரில் வசிப்பவர் கோவைக்கும் பொருளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் கூலி போகிறது. பஸ் செலவு தனி. ‘பார்ட் வரலை, அடுத்த வாரம் வாங்க’ என்றால் மறுபடி அதே அலைச்சல். பொருளை வாங்கிக்கொண்டு ஜாப் ஷீட் தராமல் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. டீலர் முத்திரை இல்லை என்று வாரண்டி அட்டையை மறுப்பார்கள். முத்திரை குத்தாமல் விட்டது டீலரின் தவறு, நட்டம் வாங்கியவருக்கு. கைபேசிக்குள் திரவம் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டி ஒன்று இருக்கும். அது சிவந்திருக்கிறது என்று சொல்லி, பழுதுக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று விளக்காமலே, வாரண்டி ரத்து என்கிறார்கள்.

கடைக்காரரிடம் போனால் ‘கம்பெனியைப் பாருங்க’ என்கிறார். கம்பெனியிடம் போனால் ‘வாங்கின இடத்தில கேளுங்க’ என்கிறார்கள். தயாரிப்பாளர் தரும் வாரண்டி, விற்றவரின் சட்டப் பொறுப்போடு கூடுதலாக வருவது. அதற்குப் பதிலாக வருவதல்ல. இதைப் பந்தாடுகிறவர்கள் இருவருமே அறிவார்கள்.

இப்படி அலைந்து நொந்த ஒருவர், அடுத்தமுறை எட்டாம் மாதம் பழுதாகுமுன் பத்தாம் நாளுக்குள்ளேயே ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தால், அந்த நினைப்பைத் தவறென்று சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரண்டியைக் கடினமாகவும் ரிட்டர்னை எளிதாகவும் வைத்திருக்கும் சந்தை, மக்களைப் பொய்யை நோக்கித் தள்ளுகிறது.

ஆனாலும் ‘அவர்கள் ஏமாற்றுகிறார்கள், நாமும் ஏமாற்றுவோம்’ என்பது பதிலாகாது. நம்மை அலைக்கழித்த நிறுவனம் ஒன்று. நாம் பொய்க் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும் விற்பனையாளர் வேறொருவர். முன்னவர் செய்த அநீதிக்குப் பின்னவரிடம் வசூல் செய்ய நமக்கு உரிமையில்லை. முறையிட வழிகள் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மின்வணிகத் தளங்களின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருள் எந்த ஊர் நிறுவனத்துடையதாக இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தரவேண்டும். மூன்று மாதத்தில், பொருளை ஆய்வகத்தில் சோதிக்க நேர்ந்தால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் அதைவிட நீள்கின்றன. ஆணையங்களின் காலிப் பணியிடங்களை உடனுக்குடன் நிரப்புவது அரசின் கடமை.

எல்லைக் கோட்டில் நிற்பவை

எல்லாச் சேதமும் இந்த மூன்று வகைக்குள் சுலபமாக அடங்கிவிடாது. ரிட்டர்ன் காலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, முறையாகப் புழங்கிய பொருள் தானாக நின்றுவிட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்புவதில் தவறே இல்லை. சில நாளில் நின்றுபோகும் பொருளில் குறை உள்ளே முன்பே இருந்திருக்கும் என்று கருதுவதே நியாயம். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், முதல் 30 நாளுக்குள் குறைபாடுள்ள பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதற்குப் பிறகு, பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ விற்றவருக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருள் கைமாறியபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவர் பொறுப்பு. நம் சட்டத்திலும் இத்தகைய தெளிவான படிநிலை வேண்டும். இங்கே நம் கடமை ஒன்றுதான்: ‘எட்டு நாள் ஓடியது, பிறகு நின்றது’ என்று உள்ளதைச் சொல்வது.

பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பது நம் ஊருக்கே உரிய சிக்கல். ஆடித் தள்ளுபடியில் சீர்வரிசைக்காக வாங்கும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கிரைண்டரும் தை மாதம் தனிக்குடித்தனம் வைக்கும்வரை அட்டைப் பெட்டியிலேயே இருக்கும். பிரித்துப் பார்க்கும்போது உள்ளே நசுங்கியிருந்தால் ரிட்டர்ன் காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். வழியில் அடிபட்ட சேதம் வாரண்டியில் வராது. அது ‘ஃபிஸிக்கல் டேமேஜ்’ என்று ஒதுக்கப்படும். உண்மையிலேயே முதல் வகைச் சேதத்துக்கு ஆளானவர் இரு கதவும் அடைபட்டு நிற்பார். சீர்ப் பொருளானாலும் வந்த அன்றே பிரித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி பெட்டியில் வைப்பதே அறிவுடைமை. வீட்டுச் சாதனங்களின் வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல், வீட்டில் பொருத்திய நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் தயாரிப்பாளர்களிடம் வலியுறுத்தியது. சீர் வாங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய நியாயம். வலியுறுத்தலோடு நிற்காமல் இது விதியாக வேண்டும்.

அடுத்தது, மாற்றித் தரக் கேட்பதா, பழுது பார்க்கக் கேட்பதா என்ற கேள்வி. மிக்ஸியின் அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஜாரில் அளவுக்கு மேல் போட்டு அரைத்தால், மோட்டார் எரிந்துவிடாமல் காக்க அது தானாக வெளியே தள்ளிக்கொள்ளும். சற்று ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். இதை அறியாமல் ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பினால், கெடாத ஒரு பொருள் ஊர் ஊராகப் பயணம் போய்ப் பழையது என்று முத்திரை குத்தப்படும். கப்ளர் தேய்வதும் ஃபேனில் கண்டன்சர் போவதும் சிறு பாகம் மாற்றினால் சரியாகிற பழுதுகள். அதற்காக முழுப் பொருளையும் தூக்கிப் போடுவது தாமிரத்தையும் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் உழைப்பையும் வீணாக்குவது. குறை சிறிதாக இருந்து, பழுது பார்க்கும் வசதியும் அருகில் இருந்தால், வாரண்டியில் பழுது பார்த்து வாங்குவதே மேலான வழி.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பலன் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம், மாற்றுப் பொருள் கேட்காமல் பழுது பார்த்துக்கொள்ளும் நுகர்வோருக்குச் சட்டப்படியான உத்தரவாதத்தை மேலும் 12 மாதம் நீட்டிக்கிறது. இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடக்கம். எங்கே பழுது பார்க்கலாம் என்ற தகவல் கிடைக்கிறது. பழுது பார்த்தவருக்குக் கூடுதல் உத்தரவாதம் என்ற உறுதி இன்னும் வரவில்லை.

உண்மைக்கு இடம் தருவோம்

முதலில், ரிட்டர்ன் பட்டியலில் ஓர் உண்மையான வரி வேண்டும். ‘பயன்படுத்தும்போது என்னால் சேதமடைந்தது, கட்டணத்துக்குப் பழுது பார்த்துத் தரவும், பாகம் அனுப்பவும்’ என்று சொல்ல வாய்ப்பிருந்தால் பெரும்பாலானவர்கள் அதையே தேர்ந்தெடுப்பார்கள் என்று நம்புகிறேன். கைப்பிடி உடைந்த ஜாருக்குப் பதில் ஒரு ஜார் மட்டும் நியாயமான விலைக்குக் கிடைத்தால், முழு மிக்ஸியையும் பொய் சொல்லித் திருப்பி அனுப்பவேண்டிய தேவையே இருக்காது.

வாரண்டி விதிகள் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். எது வாரண்டியில் வரும், எது வராது, திருப்பித் தர எத்தனை நாள், யாரிடம் போகவேண்டும் என்ற நான்கும் ரசீதிலேயே அச்சாக வேண்டும். பழுதுக்குக் கொடுத்த பொருள் சர்வீஸ் சென்டரில் கிடக்கும் நாள்களை வாரண்டிக் காலத்தோடு கூட்டித் தரவேண்டும். வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். சர்வீஸ் சென்டர் இல்லாத தாலுகாக்களில், பொருளை விற்ற கடையே அதை வாங்கி அனுப்பித் திருப்பித் தரும் பொறுப்பை ஏற்க வேண்டும். விற்கும்போது வீடு தேடி வர முடிந்தவர்களுக்கு, பழுதாகும்போது மட்டும் தூரம் அதிகமாகிவிடக் கூடாது.

நுகர்வோருக்கும் சில கடமைகள் உண்டு. பில் கேட்டு வாங்குவது முதல் கடமை. வரியை மிச்சப்படுத்த ‘பில் இல்லாம குடுங்க’ என்று சொல்கிற அந்த நிமிடத்திலேயே நம் வாரண்டியையும் நாம் விட்டுக்கொடுக்கிறோம். பொருள் வந்ததும் பிரித்துப் பார்ப்பது, ஓட்டும் முறையைப் படிப்பது, பழுது தெரிந்த அன்றே சொல்வது எல்லாம் அதே வரிசையில் வரும். பள்ளி, கல்லூரிகளில் இயங்கும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்கள் உரிமைகளைச் சொல்லிக்கொடுப்பதோடு, ஒரு பொருள் உடைந்தால் அது யார் பொறுப்பு என்று பிள்ளைகளையே விவாதிக்க வைக்கலாம். பெரியவர்கள் பேசும் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கற்கிறார்கள்.

இந்தியாவில் நுகர்வோர் உரிமை எளிதாக வந்ததல்ல. 1986-இல் முதல் சட்டம் வரும்வரை, ‘வாங்குபவரே விழித்திரு’ என்பதே கடைத்தெருவின் விதியாக இருந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் சொன்ன சொல்லை நம்பி அந்தச் சட்டம் எழுதப்பட்டது. இன்றும் நுகர்வோர் ஆணையத்தில் ஒரு சாதாரண மனிதரின் பெரிய பலம், அவர் சொல்வது உண்மை என்ற நம்பிக்கைதான். நாம் உடைத்ததற்கு நாமே பணம் கொடுப்போம். நமக்குச் சேரவேண்டிய வாரண்டியை ஒரு ரூபாய்கூட விடாமல் கேட்டு வாங்குவோம். முதலாவதைச் செய்கிறவருக்குத்தான் இரண்டாவதைக் குரல் உயர்த்திக் கேட்கும் துணிவு வரும்.